ரியாபினா தோட்டாவின் வெற்றி வரலாறு

யெமெல்யானின் வலது கண் போனதற்கு நூறு சதவீதம் யெமெல்யானே காரணம் என்று நான்கு படிகளில் தட்டச்சு செய்து கொடுத்தவள், அவன் மனைவி அக்லயா. வேறு வழியில்லை. வெர்க்னி யார் ஊரில், பெயரில்லாமல் வெறும் அஞ்சல் பெட்டி எண்ணோடு இயங்கிவந்த அந்த ஆயுத ஆய்வு நிலையத்தில், இரகசியக் காகிதங்களைத் தொட அனுமதி பெற்ற தட்டச்சுக்காரி அவள் ஒருத்திதான். பரிசோதனைத் தோட்டா வெடித்துப் போன கண் என்பதால் அதுவும் இரகசியக் கண்ணாகிவிட்டது. மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனிடம்கூட அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச அவளுக்கு அனுமதி கிடையாது. அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் பாதுகாப்புப் பொறியாளர் கபித்தோன் இலிச்சின் அறைக்குப் போனாள். கபித்தோன் இலிச் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். ஆளைக் கொல்வதெல்லாம் காகிதத்தில் மட்டும்தான்.

"கபித்தோன் இலிச், இதுல ஏதோ தப்பு இருக்கு. வெடிச்சது தோட்டா. என் வீட்டுக்காரர் இல்ல."

"தோட்டாதான் வெடிச்சுது, யாரு இல்லேன்னா? ஆனா படிவத்தைப் பாருங்க. மூணே கட்டம். துப்பாக்கி, நிர்வாகம், பாதிக்கப்பட்டவர். தோட்டான்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல."

"துப்பாக்கி மேல போட்டா, அது வேற நிலையத்தோட துப்பாக்கி, அவங்க கோவிச்சுக்குவாங்க. நிர்வாகம்னா அது நாமதான். நம்ம மேல நாமே போட்டுக்க முடியுமா? அப்ப மிச்சம் யாரு?"

"அவர் என்ன தப்புப் பண்ணாரு?"

கபித்தோன் இலிச் விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "பதினாலாவது பத்தி. சுடறவர் தன்னோட முகத்தை ஆபத்தான பாகங்கள்லேர்ந்து தள்ளி வெச்சுக்கணும். இவரு கண்ணைக் கொண்டுபோய் துப்பாக்கி பக்கத்துலயே வெச்சிருக்காரு."

"குறி பாத்தாருங்க!"

"குறி பாக்க வேணாம்னு யாரும் சொல்லலியே அம்மா. தள்ளி நின்னு பாத்திருக்கலாம்."

அக்லயா அந்தப் பத்தியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். இருபது வருஷமாக இந்த மாதிரி வாக்கியங்களைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒன்றுகூட அவள் மேல் பட்டதில்லை. இப்போது முதல் தடவையாகப் பட்டது.

"திருத்தவே முடியாதா?"

"தச்சாச்சு, முடிச்சுப் போட்டாச்சு, அரக்கும் வெச்சாச்சு. இனிமே கடவுளே எறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அவரும் இல்லேன்னு நம்ம நாட்டுல ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க."

இந்த அரக்கு விஷயத்தில்தான் நிலையத்தின் உயிரே இருந்தது. இரகசியக் காகிதம் எதுவானாலும் ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்து, கடைசிப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு, அதன்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்கள். அரக்கு ஆறும்வரை உள்ளே இருப்பது வெறும் எழுத்து. ஆறிய பிறகு அது உண்மை. அதற்குப் பிறகு யாராவது வேறு மாதிரி பார்த்தேன் என்று சொன்னால், சொன்னவனைத்தான் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

யெமெல்யான் இருபத்திரண்டு வருஷம் அந்தச் சுடுதளத்தில் சுட்டவன். புகையை மோந்து பார்த்தே எந்த மாதத்து வெடிமருந்து என்று சொல்லுவான். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது, கௌரவப் பலகையிலிருந்து அவன் புகைப்படத்தைக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, நாலு மூலையும் ஒழுங்காகத் தெரிந்தது. அவனைச் சுடுதளத்துக்குள் விடாமல், நுழைவாயிலில் கோட்டு வாங்கி மாட்டும் வேலைக்குப் போட்டார்கள்.

அந்த வேலைக்கும் விதி உண்டு. இயக்குநர் வெனியமின் அர்காதியெவிச் ஸ்தோல்போவ் தம் கைப்பட எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆணை: கோட்டைக் கொடுப்பவர் எண் வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும், வில்லை இல்லாதவர், எல்லோரும் போன பிறகு கடைசியாக மிஞ்சும் கோட்டைத்தான் வாங்க முடியும். போன வருஷம் வரைபடக்காரர் ஒருவர் வில்லையைத் தொலைத்துவிட்டு, காய்ச்சலோடு பெஞ்சில் ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அவரைத் தாண்டிப் போகும்போது, "ஒழுங்கு வேணும் தோழரே, ஒழுங்கு!" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இயக்குநருக்கு மட்டும் வில்லை கிடையாது. நீர்நாய்த் தோல் காலர் வைத்த அவருடைய கோட்டு தனிக் கொக்கியில் தொங்கும்.

தினமும் காலையில் அந்தக் கோட்டை யெமெல்யான்தான் வாங்கி மாட்டினான். இயக்குநர் கோட்டைக் கொடுப்பாரே தவிர ஒரு நாளும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

"கண்ணு போனது போகட்டும் அக்லாஷா," என்றான் ஒருநாள், முட்டைக்கோஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி. "இன்னொண்ணு இருக்கு. ஆனா இருபத்திரண்டு வருஷம் சுட்டவனைப் பாத்து, சுடத் தெரியாதவன்னு எழுதிட்டாங்களே. செத்த பெறகும் அந்தக் காகிதம் இருக்குமில்ல?"

"இருக்கும். நிரந்தரமா வெக்கிற அலமாரி அது."

"அதைத்தான் தாங்க முடியல."

அக்லயாவுக்கும் தாங்க முடியவில்லை. நூறு என்ற அந்த எண்ணை அவள் விரல்தான் தட்டியது. அதை அழிக்காமல் சாவதில்லை என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை. வழியை இயக்குநரே கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கு முன்னால், யெமெல்யானின் கண்ணைக் கொண்டுபோன அந்த ரியாபினா தோட்டா பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மாஸ்கோ ரயிலில் இயக்குநரின் சோப்புப் பெட்டி மேல் படுக்கையிலிருந்து கீழே விழுந்தது. பிளாஸ்டிக் பெட்டி; உடையவில்லை. "பித்தளை எதற்கு? தோட்டாவின் கூட்டையே பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. சோப்புப் பெட்டிக்குள் வெடிமருந்து கிடையாது என்பதை அந்த ரயிலில் சொல்ல ஆளில்லை. ஊருக்கு வந்த பிறகு சொல்லத் துணிந்த ஆளில்லை.

ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் தோட்டா ஒழுங்காகச் சுட்டது. குளிரில் பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கியது. எட்டு எச்சரிக்கைக் குறிப்புகள் எழுதினார்கள். எட்டையும் தட்டச்சு செய்தவள் அக்லயா. எட்டின் மேலும் இயக்குநர் பச்சை மையில் ஒரே சொல்லை எழுதினார்: "கோழைத்தனம்."

விதிப்படி, தோட்டாவைக் குளிர்பெட்டியில் மைனஸ் ஐம்பது டிகிரியில் ஒரு நாள் வைத்துப் பிறகு சுட்டுப் பார்க்க வேண்டும். குளிர்பெட்டியில் இடமில்லை. இயக்குநர் ஆற்றில் பிடித்த ஆள் உயர நெல்மா மீன் ஒன்று, விருந்தாளிகளுக்காக அதில் கிடந்தது. வெளியில் மைனஸ் நாற்பது. ஜன்னலைத் திறந்து தோட்டாவை விளிம்பில் வைத்தால் போதும். ஒரு இளம் பொறியாளர் அப்படிச் சொல்லியும் பார்த்தார்.

"வெளியில இருக்கறது சான்றிதழ் இல்லாத குளிர்," என்றார் இயக்குநர். "அதை யாரு அளந்தாங்க? யாரு முத்திரை குத்தினாங்க? காட்டுமிராண்டிக் குளிரை வெச்சு நாம விஞ்ஞானம் பண்றதில்ல."

ஆகவே குளிர்ச் சோதனை கணக்குப் போட்டு நடத்தப்பட்டது. காகிதத்தில் தோட்டா மைனஸ் எழுபதுவரை தாங்கியது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பயன்பாட்டுக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: கடுங்குளிரில் வீரர் தோட்டாக்களை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளவும். ஒரு வீரனுக்கு முந்நூறு தோட்டா, அக்குள் இரண்டுதானே என்று யாரோ கேட்டார்கள். அதற்கு இயக்குநர் பெரிய மண்டபத்தில் நாற்பது நிமிஷம் பேசினார். "தோழர்களே! நம் வீரனின் அக்குள், இதுவரை எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படாத மாபெரும் வெப்ப ஆற்றல்!" கைதட்டல் மூன்று நிமிஷம் நீடித்ததாக அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையையும் தட்டியவள் அக்லயாதான்.

பிறகு டிசம்பர் முப்பத்தொன்று. வருஷத் திட்டம் முடிய வேண்டிய நாள். தோட்டாக்கள் பனிச்சறுக்கு வண்டியில் வெளியிலேயே கிடந்து உறைந்திருந்தன. உள்ளே வைத்துச் சூடானதும் சுடலாம் என்றான் யெமெல்யான். இயக்குநர் தொலைபேசியில், "திட்டம் சூடாகற வரைக்கும் காத்திருக்குமா? இப்பவே சுடு!" என்றார். சுட்டான். மிச்சம் தெரிந்ததே.

ஒரு வருஷம் கழித்து, நிலையத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா நெருங்கியது. இயக்குநர் அக்லயாவைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கட்டு: விஞ்ஞானச் செயலாளர் எழுதிய 'ரியாபினா தோட்டாவின் வெற்றி வரலாறு.'

"படிச்சுப் பாத்தேன் அக்லயா திகோனவ்னா. ரொம்ப வருத்தமா இருக்கு. எங்க பாத்தாலும் 'நம் கூட்டுக்குழு முடிவெடுத்தது', 'நம் கூட்டுக்குழு கண்டுபிடித்தது.' கூட்டுக்குழுவுக்கு ஏது மூளை? நான் எனக்காகக் கேக்கல. வரலாறு கேக்குது."

"என்ன பண்ணணும், வெனியமின் அர்காதியெவிச்?"

"ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு ஆள் வேணும். யாரு எடுத்தாங்களோ அவங்க பேரு. பழைய காகிதமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே சரி பண்ணிடுங்க. நாப்பத்தோரு எடத்துலதான் என் பேரு வருது."

அக்லயா கட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு. கேட்டது வரலாறு. கொடுத்தால் போயிற்று.

ஒரு பொய்கூட எழுதவில்லை. எட்டுக் குறிப்புகளையும் எடுத்தாள். தொலைபேசிப் பதிவேட்டை எடுத்தாள். குளிர்பெட்டியின் சாவிப் பதிவேட்டையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் புகழ்ச்சி முலாம் பூசினாள். "கோழைத்தனமான எட்டு எச்சரிக்கைகளையும் தோழர் ஸ்தோல்போவ் தம் கைப்பட, பச்சை மையில், துணிச்சலுடன் நிராகரித்தார்." "குளிர்பெட்டியை மீனுக்கு ஒதுக்கி, குளிர்ச் சோதனை இல்லாமலே குளிரை வெல்லும் பாதையைத் தோழர் ஸ்தோல்போவ் தனியொருவராக வகுத்தார்."

இயக்குநர் கையில் சிவப்புப் பென்சிலோடு படித்தார். படித்தார் என்று சொல்வது மரியாதைக்காக. அந்த நிலையத்தில் மேலே இருப்பவர்கள் எந்தக் காகிதத்தையும் படிப்பதில்லை. தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு இழுத்து எண்ணிக்கொண்டே வந்தார். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"இந்தப் பக்கத்துல நான் இல்லியே?"

"அது விபத்து நடந்த பக்கம், வெனியமின் அர்காதியெவிச்."

"அதனால? கஷ்டம் வந்தா ஒளிஞ்சுக்கற ஆளா நான்? அன்னிக்குத் தலைமை தாங்கினது யாரு?"

"நீங்கதான்."

"சுடச் சொன்னது யாரு?"

"நீங்கதான். போன்ல. பகல் ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு."

"அப்ப எழுதுங்க! என் உத்தரவு இல்லாம இந்த நிலையத்துல ஒரு தோட்டா வெடிக்குமா?"

"தோட்டா உறைஞ்சிருக்குன்னு சுடறவர் சொன்னதையும், நீங்க அதை நிராகரிச்சதையும் போடட்டுமா?"

"பேஷாப் போடுங்க. உறுதி தெரியட்டும்!"

எழுதினாள். இயக்குநரின் பெயர் இருநூற்றுப் பதினேழு இடங்களில் வந்தது. நூற்றுப்பன்னிரண்டு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டார். துளை போட்டு, நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, அரக்கு ஊற்றினாள் அக்லயா. அரக்கு ஆறும்வரை நகராமல் பக்கத்திலேயே நின்றாள்.

அன்று இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தபோது கணவனிடம் சொன்னாள். யெமெல்யான் பனியில் அப்படியே நின்றுவிட்டான்.

"அவன் வாயாலயே சொல்லி, அவன் கையாலயே கையெழுத்துப் போட்டானா?"

"நூத்திப் பன்னெண்டு தடவை."

"அடிப்பாவி," என்றான் யெமெல்யான், கல்யாணத்தன்று பார்த்த மாதிரி அவளைப் பார்த்து.

விழா பிப்ரவரியில் வந்தது. மைனஸ் முப்பத்தாறு, சான்றிதழ் இல்லாத குளிர்தான். மாஸ்கோவிலிருந்து ஜெனரல் ஸவ்ராசவ் வந்திறங்கினார். ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்று, அதே தட்டில் சிவப்பு வெல்வெட் அட்டை போட்ட வரலாற்றையும் நீட்டினார்கள். சுடுதளத்தின் ஓரத்திலேயே விருந்து மேஜை. நடுவில் அந்த நெல்மா மீன், நாலு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு, வாயில் எலுமிச்சைத் துண்டோடு கிடந்தது.

சுட ஒருவரும் முன்வரவில்லை. யெமெல்யானுக்குப் பிறகு வந்த மூன்று பேருக்கும் அன்று காலையில் ஒரே நேரத்தில் பல்வலி. அதனால் துப்பாக்கியை இரும்புப் பிடியில் பூட்டி, விசையில் கயிறு கட்டியிருந்தார்கள். இயக்குநர் முதலில் பேசினார். "தோழர் ஜெனரல்! இந்தத் தோட்டா குளிருக்கு அஞ்சாது. ஏனென்றால் இதைப் படைத்தவர்கள் எதற்கும் அஞ்சியதில்லை, சோதனைக்குக்கூட!" பிறகு கயிற்றை அவரே இழுத்தார்.

துப்பாக்கி பின்பக்கமாகச் சுட்டது. இரும்புத் துண்டு ஒன்று மீனின் தலையைக் கொண்டுபோயிற்று. இன்னொன்று ஜெனரலின் மென்மயிர்த் தொப்பியில், குளிருக்குக் காதை மூடித் தொங்கும் மடல்களில் ஒன்றை, அதாவது தொப்பியின் இடது காதை, அறுத்தது. உள்ளே இருந்த காது தப்பியது. புகை விலகியபோது கபித்தோன் இலிச் மேஜைக்கு அடியில் இருந்தார். பதினாலாவது பத்தியை முழுசாகக் கடைப்பிடித்தவர் அன்று அவர் ஒருவர்தான்.

ஜெனரல் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். "இது யாரோட வேலை?"

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"தோழர் ஜெனரல்," என்றார் இயக்குநர், "இது... இது ஒரு கூட்டு முயற்சிங்க. தனியா ஒருத்தரைச் சொல்றது நியாயமில்ல. கூட்டுக்குழுதான்..."

ஜெனரல் வெல்வெட் புத்தகத்தைத் திறந்தார். அவர் காகிதங்களைப் படிக்கிற ஆள். அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. பனியில் நின்றபடியே உரக்கப் படித்தார். "எட்டு எச்சரிக்கைகளையும் தோழர் ஸ்தோல்போவ் தம் கைப்பட..." பக்கத்தைத் திருப்பினார். "குளிர்பெட்டியை மீனுக்கு ஒதுக்கி..." தலையில்லாத மீனை ஒரு பார்வை பார்த்தார். அறுபத்துமூன்றாம் பக்கத்துக்கு வந்தார். "தோட்டா உறைந்திருப்பதாகச் சுடுபவர் எச்சரித்தும், தோழர் ஸ்தோல்போவ் அசையாத உறுதியுடன், பகல் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, சுடும்படி உத்தரவிட்டார்."

"இதுல இருக்கறது உம்ம கையெழுத்தா?"

"கையெழுத்து என்னோடதுதான், ஆனா நான்... நான் அதைப் படிக்கல, தோழர் ஜெனரல்!"

"அதையும் எழுதிக்கோ," என்றார் ஜெனரல் தம் உதவியாளரிடம்.

யெமெல்யானின் கண்ணுக்காக மாஸ்கோவிலிருந்து ஒரு ஆளும் வந்ததில்லை. தொப்பிக் காதுக்காக ஒன்பது பேர் கொண்ட குழு வந்து மூன்று வாரம் தங்கியது. குழுவுக்கு வேலை அதிகமில்லை. வரலாறு தயாராக இருந்தது. பழைய விபத்து அறிக்கை ரத்தாகி, புதிய அறிக்கையை அக்லயாவே தட்டினாள். துப்பாக்கி: பூஜ்யம். பாதிக்கப்பட்டவர்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் தட்டும்போது மட்டும் கொஞ்சம் அழுதாள். நிர்வாகம்: நூறு. பெயர் ஒன்றே ஒன்றுதான்.

பதவி போன அன்று சாயங்காலம் ஸ்தோல்போவ் அவள் அறைக்கு வந்து கதவோரம் நின்றார்.

"அக்லயா திகோனவ்னா, நீங்க நினைச்சா... ஒரு பத்து சதவீதம் கூட்டுக்குழு பேர்ல போடக் கூடாதா? அஞ்சாவது?"

"தச்சாச்சு, முடிச்சுப் போட்டாச்சு, அரக்கும் வெச்சாச்சு, வெனியமின் அர்காதியெவிச்," என்றாள் அக்லயா. இயந்திரத்துக்கு உறையைப் போட்டு மூடி, தன் வில்லையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நுழைவாயிலில் யெமெல்யானுக்கும் அன்று கடைசி நாள். மறுநாள் முதல் சுடுதளத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. கௌரவப் பலகையில் வெளுத்த இடத்தில் பழைய படத்தையே மாட்டியிருந்தார்கள், இரண்டு கண்ணோடு. தனிக் கொக்கியைப் பிடுங்கிவிட்டதால், நீர்நாய்க் காலர் கோட்டு மற்ற முந்நூறு கோட்டுகளின் நடுவில் தொங்கியது.

ஸ்தோல்போவ் வந்து கையை நீட்டினார்.

"வில்லைங்க?" என்றான் யெமெல்யான்.

"வில்லையா? எனக்கேதுப்பா வில்லை? ஒரு நாளும் வாங்கினதில்லியே!"

"அப்ப எல்லாரும் போகற வரைக்கும் உக்காருங்க. இருநூத்திப் பன்னெண்டாம் ஆணை."

"என்னய்யா வெளையாடறே? ஒம்போது மணி ஆகுமே! தினம் காலையில என் கையிலேர்ந்து வாங்கி மாட்டினவனே நீதானே? என் கோட்டு எதுன்னு உனக்குத் தெரியாதா?"

அக்லயா தன் வில்லையை மேஜையில் வைத்தாள். யெமெல்யான் எண்ணைப் பார்த்து, அவள் கோட்டை எடுத்துவந்து, தோளில் போட்டுவிட்டான். பிறகுதான் ஸ்தோல்போவின் பக்கம் திரும்பினான். அவரும் அன்றுதான் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"தெரியுங்க," என்றான். "ஆனா எனக்கு ஒரு கண்ணுதானே? எதுக்கும் வில்லையைப் பாத்துத்தான் குடுக்கணும்."